டீசல் பிக்கப்பில் லிஃப்ட் பம்பும் ஃபில்டரும் மாற்றுதல்: 24 வால்வு கம்மின்ஸ் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 2001-ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 பிக்கப். ஆறு சிலிண்டர், 24 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினும் ஐந்து கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸும் உடையது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரை அடுத்த சமவெளியில் சிறிய குதிரைப் பண்ணை வைத்திருக்கும் ஒருவருடைய வண்டி அது. குதிரைகள் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு, ஐ-70 நெடுஞ்சாலை வழியே ராக்கி மலைத்தொடரைக் கடந்து போய் வருவதுதான் அதன் முக்கிய வேலை. அந்தச் சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை எட்டும் இடம் கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. சுரங்கத்தை நெருங்கும் ஏற்றம் சில மைல்களுக்கு விடாமல் நீள்கிறது. இந்த உயரம் பின்னால் வரும் கணக்கில் முக்கியமான இடம் பெறுகிறது.

உரிமையாளரின் புகார்கள் இரண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடித்தது. பாரத்தோடு சுரங்கத்தை நோக்கி ஏறும்போது, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் இழுவை சற்றே குறைந்து, காலை எடுத்தால் திரும்பி வந்தது. இவற்றைத் தவிர வண்டி ஒழுங்காகவே ஓடியது. புகை இல்லை, தட்டல் இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தக்கூடிய பெரிய லிஃப்ட் பம்பும் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்கு ஊட்டும் பம்ப்) இரட்டை ஃபில்டரும் கொண்ட, வண்டி நிறுவனம் அல்லாதோர் விற்கும் வெளிச்சந்தைத் தொகுதி ஒன்றை அவர் முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டார். இந்த வண்டிகளுக்கான தொகுதிகளில் ஃபாஸ், ஏர்டாக் என்ற இரண்டு பெயர்களே பெரிதும் அடிபடுகின்றன. இரண்டின் அடிப்படை அமைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் எது என்பது இங்கே பொருட்டில்லை.

இந்த வண்டியில் லிஃப்ட் பம்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

1998-இன் முற்பகுதி வரை இதே ராம் வண்டிகளில் வந்த 12 வால்வு கம்மின்ஸ் எஞ்சினில் பாஷ் நிறுவனத்தின் பி7100 என்ற, டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்லைன் இன்ஜெக்‌ஷன் பம்ப் இருந்தது. அதன் உள்ளே சுழலும் கேம் ஷாஃப்டுக்கு எஞ்சின் ஆயில்தான் உயவு. டீசலை அதற்கு ஊட்டிய லிஃப்ட் பம்பும் எஞ்சினின் கேம் ஷாஃப்டால் இயங்கும் எளிய பிஸ்டன் பம்ப்தான். ஏர் பிடித்தால் கையால் அமுக்கி ஏர் எடுப்பதற்கு அதிலேயே ஒரு பொத்தானும் உண்டு. நம் ஊர் பழைய ஜீப்புகளிலும் டிராக்டர்களிலும் கைப்பம்ப் அடித்துப் பழகிய எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

1998-இன் நடுவில் 24 வால்வு எஞ்சின் வந்தபோது அதோடு விபி44 என்ற மின்னணுக் கட்டுப்பாடுள்ள சுழல்வகை இன்ஜெக்‌ஷன் பம்ப் வந்தது. 2002 வரை அதுவே நீடித்தது. இதற்குள் எஞ்சின் ஆயில் போவதில்லை. உள்ளே உரசும் ஒவ்வொரு பாகத்துக்கும் உயவு டீசல்தான். தலையில் உட்கார்ந்திருக்கும் மின்னணுப் பெட்டியின் சூட்டை இழுத்துக்கொண்டு போவதும் அந்த டீசல்தான். அதனால்தான் எஞ்சின் எரிக்கும் அளவைவிடப் பல மடங்கு டீசல் பம்புக்குள் புகுந்து, பெரும்பகுதி எரியாமலேயே டேங்குக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழியிலுள்ள ஓவர்ஃப்ளோ வால்வு ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு அழுத்தம்), அதாவது ஒரு பாருக்குச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் திறக்கும்படி அமைந்தது. நுழைவாயிலில் அழுத்தம் விழுந்தால், எஞ்சினுக்கு முன் பட்டினி கிடப்பது இந்தக் குளிர்விக்கும் ஓட்டம்தான்.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், விபி44-க்குள் தனக்கென, தகடுகள் சுழன்று டீசலை இழுக்கும் ஒரு சிறிய வேன் பம்ப் இருக்கிறது. வெளியிலிருக்கும் லிஃப்ட் பம்ப் தளர்ந்தாலும், சில வேளை முற்றாகவே நின்றாலும், உள்ளிருக்கும் பம்ப் தானாக உறிஞ்சிக்கொண்டு வண்டியை ஓட்டிவிடும். ஓட்டுநருக்கு ஏதும் தெரியாது. சில ஆயிரம் மைல்கள் கழித்து ஒருநாள் பி0216 என்ற பழுதுக் குறியீடு கணினியில் தோன்றும். டீசல் பீய்ச்சும் நேரத்தை, அதாவது டைமிங்கைத் தள்ளும் பிஸ்டனின் பகுதி தேய்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அந்தக் குறியீடு வந்த பிறகு எவ்வளவு பெரிய லிஃப்ட் பம்ப் போட்டாலும் பயன் கிடையாது. விபி44-ஐயே மாற்ற வேண்டும், அதற்குக் கூலி நீங்கலாகவே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த மின்சார லிஃப்ட் பம்ப், எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கத்தில், ஃபில்டர் கூட்டுக்கு அருகில் பொருத்தப்பட்டது. டேங்கோ பின்னால், சுமை ஏற்றும் பெட்டிக்கு அடியில். எனவே பம்ப் டீசலை எட்டுப் பத்து அடி தூரம் உறிஞ்சி இழுத்துவந்து, பிறகு இரண்டு மூன்று அடி தூரம் தள்ள வேண்டியிருந்தது. இத்தகைய பம்புகள் தள்ளுவதில் வல்லவை, உறிஞ்சுவதில் அவ்வளவு இல்லை. வடிவமைப்பில் நான் காணும் ஒரே பெரிய குறை இந்த இடத் தேர்வுதான். பின்னாளில் மாற்றுப் பம்புகள் டேங்குக்குள்ளேயே பொருத்தப்பட்டபோது உறிஞ்சும் சிக்கல் தீர்ந்தது, ஆனால் நுழைவாயிலுக்கு வந்துசேர்ந்த அழுத்தம் ஒற்றை இலக்கத்திலேயே நின்றது. வெளிச்சந்தைத் தொகுதிகளுக்கு இவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

அளந்து பார்த்தது

தொகுதி கையில் இருந்தாலும் அதைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலைகள் முடிக்கப்பட்டன. முதலாவது, கணினியில் பதிவான குறியீடுகளைப் படிப்பது, பி0216 இல்லை. இரண்டாவது, விபி44-இன் நுழைவாயிலிலேயே பிரஷர் கேஜ் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்துவது. இந்த இரண்டாவதைப் பலர் பம்ப் மாற்றிய பிறகு, காசு மிஞ்சினால், செய்கிறார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் பின்பு எவ்வளவு வந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை.

கேஜ் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. விபி44 சுழலும்போது நுழைவாயிலில் அழுத்த அதிர்வுகள் விடாமல் எழும். அவை கேஜின் முள்ளை நடுங்கச் செய்வதோடு, மின்சார சென்சார்களைச் சில மாதங்களில் சாகடித்தும் விடும். ஆகவே இடையில் ஊசி வால்வு ஒன்று வைக்கப்பட்டு, ஏறக்குறைய மூடும் அளவுக்குத் திருகி, முள் நடுக்கம் நின்று, ஆனால் அழுத்தம் மாறினால் சோம்பலின்றி நகரும் புள்ளியில் நிறுத்தப்பட்டது. முள்ளுள்ள கேஜ் என்பதால் டீசல் ஓட்டுநர் அறைக்குள் நுழையாதபடி ஐசொலேட்டர் ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதற்குப் பின்னுள்ள மெல்லிய குழாயில் கூலண்ட்தான் நிற்கிறது. மோதினால் மடியில் டீசல் கொட்டாது.

கிடைத்த அளவுகள் புகாரை அப்படியே விளக்கின. ஐட்லிங்கில் 11 பிஎஸ்ஐ. சமவெளியில் பாரமின்றிப் போகையில் 8. ட்ரெய்லரோடு சுரங்க ஏற்றத்தில் 3-க்கும் கீழே. எந்த நிலையிலும் 10-க்குக் கீழே விடக் கூடாது என்பதே இந்த வண்டியோடு பழகியவர்கள் பின்பற்றும் எல்லை.

பம்ப் சோர்ந்துவிட்டது என்று முடிவுகட்டித் தொகுதியைப் பொருத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஆனால் தவறாக. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததை, சோர்ந்த பம்ப் மட்டும் விளக்காது. டீசல் ஒரே இரவில் டேங்குக்குத் திரும்பி இறங்குகிறது என்றால், அதன் இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று பொருள். எனவே டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஓர் அடி நீளத்துக்கு, டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒன்று இடைச்செருகலாக இணைக்கப்பட்டது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடியபோது அதற்குள் ஊசிமுனை அளவுள்ள குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, விட்டுவிட்டு ஊர்ந்து வந்தன. ஆக்ஸிலேட்டரை உயர்த்தினால் அவை ஒன்று கூடி, ஹோஸின் மேற்பகுதியில் நீண்ட வெள்ளிக் கோடாக ஓடின. மறுநாள் காலையில் பார்த்தபோது ஹோஸில் பாதிக்கும் மேல் காலி.

காற்று நுழைந்த இடங்கள் இரண்டு. டேங்கின் மேலுள்ள ரப்பர் ஹோஸ், கண்ணுக்கு எட்டாத மேற்புறத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சட்டத்தின் ஓரமாக வரும் குழாயின் குயிக் கனெக்டரில் ஓ-ரிங் இறுகிப் பிளாஸ்டிக் போலாகிவிட்டது. இரண்டு இடத்திலும் வெளியே ஒரு சொட்டு டீசல் கிடையாது. தூசி படிந்து உலர்ந்தே இருந்தன. தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும், உறிஞ்சும் பக்கத்தில் விழுந்தால் காற்று உள்ளே போகும், யாருக்கும் தெரியாது.

இங்கேதான் மலையின் உயரம் கணக்கில் வருகிறது. உறிஞ்சும் பக்கத்தில் டீசலை உண்மையில் நகர்த்துவது டேங்கின் மேல் அழுத்தும் வளிமண்டலமே. பம்ப் தன் வாயில் அழுத்தத்தைக் குறைத்து வழிவிடுவதோடு சரி. கடல் மட்டத்தில் அந்த வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, டென்வரில் 12 அளவில், சுரங்கத்தின் வாசலில் 10-க்கும் கீழே. அதாவது எஞ்சின் மிக அதிகமாக டீசல் கேட்கும் இடத்தில், டீசலைத் தள்ளித்தரும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. டீசலில் கரைந்திருக்கும் காற்றும் அழுத்தம் தாழ்ந்த குழாயில் குமிழியாகப் பிரிந்து வரும். கடற்கரை மாநிலம் ஒன்றில் இதே வண்டி, இதே விரிசல்களோடு, இன்னும் சில ஆண்டுகள் புகாரின்றி ஓடியிருக்கக்கூடும்.

பொருத்திய முறை

ஆகவே தொகுதியோடு வந்த படத்தில் விருப்பத் தேர்வாகக் காட்டியிருந்த ஒன்று, இந்த வண்டியில் கட்டாயமாகியது: பழைய உறிஞ்சு வழி முழுவதையும் கைவிட்டு, டேங்குக்குள் புதிய உறிஞ்சு குழாய் இறக்கி, அங்கிருந்து பம்ப் வரை அரை அங்குலக் குழாய் போடுவது. இத்தகைய தொகுதிகளை விற்பவர்கள் காற்றைப் பிரித்து டேங்குக்கு அனுப்பும் திறனைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். அந்தத் திறன் உண்மையானதுதான். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் தனிக் குழாய் வழியாக, மிஞ்சிய டீசலோடு காற்றும் போய்விடுகிறது. ஆனால் அரை டாலர் ஓ-ரிங் செய்ய வேண்டிய வேலையைப் பல நூறு டாலர் பம்பின் தலையில் கட்டுவது முறையாகாது.

வண்டியில் இரண்டு பேட்டரிகள் இணையாக இருப்பதால் இரண்டின் நெகட்டிவ் முனைகளும் கழற்றப்பட்டன. ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு வேலை பார்ப்பது இந்த வண்டியில் அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. டேங்கை இறக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்ற கேள்விக்கு, துருவேறாத போல்ட்டுகளும் தூக்கிப் பிடிக்க ஆட்களும் இருந்ததால், பெட்டியைத் தூக்குவதே எளிதாகப்பட்டது. டேங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 35 கேலன், 130 லிட்டருக்குச் சற்று மேல். கால்பங்கு டீசலோடு இறக்கினாலும் அது ஆடி அலையும் சுமைதான்.

டேங்கின் தலையில் இருபதாண்டுச் சேறு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறக்கும் முன் அதைச் சுரண்டி, காற்றடித்து, துடைப்பதற்கே கணிசமான நேரம் போனது. பிறகு டீசல் அளவைக் காட்டும் சென்டர் (sender) யூனிட்டை வெளியே எடுத்து, மேசையில் வைத்து, அதன் பிளாஸ்டிக் மூடியில் துளையிடப்பட்டது. டேங்கில் இருக்கும்போதே துளையிட்டால் பிளாஸ்டிக் சீவல்கள் டீசலில் விழும், அவை போய் அடைக்கும் இடம் புதிய ஃபில்டர்.

உறிஞ்சு குழாயின் நீளத்தை வெட்டுவதில் பொறுமை தேவைப்பட்டது. பிளாஸ்டிக் டேங்கின் அடி, டீசல் நிரம்பும்போது சற்றுத் தொய்யும், காலியாகும்போது மேலெழும். காலி டேங்கில் அடியைத் தொடும்படி வெட்டினால், உறிஞ்சும் வாயே அடைபடலாம். நுனியைச் சாய்வாக வெட்டி, அடியிலிருந்து அரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி விடப்பட்டது. திரும்பும் குழாயின் வாய் உறிஞ்சும் வாய்க்கு அருகில் இருந்தால், நுரைத்து வரும் டீசலை அப்படியே மறுபடி உறிஞ்சும் நிலை வரும் என்பதால், அது டீசல் நிரப்பும் கழுத்தின் பக்கமாகக் கொண்டுபோகப்பட்டது.

பம்பும் இரண்டு ஃபில்டர்களும் சேர்ந்த கூட்டு, இடப்பக்கச் சட்டத்தில், டேங்குக்கு முன்னால் பொருத்தப்பட்டது. இந்த எஞ்சினில் டர்போவும் சைலன்சர் குழாயும் வலப்பக்கம் என்பதால் சூடு இந்தப் பக்கம் எட்டாது. டேங்கிலிருந்து வரும் டீசல் முதலில் தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரையும், பிறகு பம்பையும், கடைசியாக நுண்ணிய ஃபில்டரையும் கடக்கிறது. நுண்ணிய ஃபில்டர் தள்ளும் பக்கத்தில் இருப்பதுதான் இந்த வரிசையின் சிறப்பு: அழுக்கேறினால் அழுத்தம்தான் சற்று விழும், காற்று உள்ளே வராது.

மின் இணைப்பில் குழப்பமில்லை. புதிய பம்புக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேரே வருகிறது. பழைய பம்பின் கனெக்டர் ரிலேயைத் தூண்டுவதற்கு மட்டும். பழைய மெல்லிய வயரில் பெரிய பம்பைத் தொங்கவிட்டால் எஞ்சின் கணினியின் உள்ளே இருக்கும் சுவிட்ச் பகுதிக்கே கேடு.

விவாதத்துக்கு உரிய முடிவு ஒன்று உண்டு. எஞ்சின் மேலுள்ள தொழிற்சாலை ஃபில்டர் கூட்டைப் பெரும்பாலோர் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேரே விபி44-க்குக் கொண்டுபோகிறார்கள். இங்கே அது அப்படியே விடப்பட்டது. அதற்குள்தான் டீசலைச் சூடாக்கும் ஹீட்டரும், தண்ணீர் வந்தால் விளக்கெரியச் செய்யும் சென்சாரும் இருக்கின்றன. கொலராடோ குளிர்காலத்தில் டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைப்பது ஏட்டுச் சங்கதியல்ல. மூன்றாவது ஃபில்டரால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழப்பு வரும். தள்ளும் பக்கத்து இழப்பு என்பதால் பெரிய பம்ப் அதைத் தாங்கும்.

ஏர் எடுப்பதற்கு ஸ்பேனர் தேவைப்படவில்லை. இந்த வண்டியில் எஞ்சின் பிடிக்காத அளவுக்கு ஒரு தட்டு செல்ஃப் அடித்துவிட்டுச் சாவியை ஆன் நிலையில் விட்டால், கணினி லிஃப்ட் பம்பை ஏறத்தாழ 25 வினாடிகள் ஓடவிடும். அதைச் சில முறை செய்ததும் கேஜில் அழுத்தம் ஏறி நின்றது. ஃபில்டர்களை முன்கூட்டியே டீசல் ஊற்றி நிரப்பும் பழக்கம் இங்கே கூடாது. கேனிலிருந்து ஊற்றும் டீசல் நுண்ணிய ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் விழுந்தால், வடிகட்டப்படாமலேயே விபி44-க்குப் போய்ச்சேரும். இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய முறையும் தவிர்க்கப்பட்டது. அந்தக் குழாயிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. அப்படி நேர்ந்தால் வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிடைத்த பலனும் மீதமிருக்கும் குறையும்

ஐட்லிங்கில் 17 பிஎஸ்ஐ, சமவெளியில் 16, அதே ட்ரெய்லரோடு அதே ஏற்றத்தில் 14. பம்பின் அழுத்தத் திருகைக் கூட்டி 20-ஐ நெருங்கச் செய்யலாம் என்றாலும் அதற்குத் தேவை எழவில்லை. 20-ஐத் தாண்ட விடாமலிருப்பதே நல்ல பழக்கம். மறுநாள் காலையில் எஞ்சின் உடனே பிடித்தது, அதன் பிறகும் அப்படியே. ஏற்றத்தில் இழுவை குறைவதும் நின்றது.

தீராத குறை ஒன்று இருக்கிறது. டேங்கில் கால்பங்குக்கும் கீழே டீசல் இறங்கியபின், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் நீண்ட வளைவுகளில் முள் ஒரு கணம் 9 வரை விழுந்து எழுகிறது. தொழிற்சாலை அமைப்பில் உறிஞ்சும் வாய் ஒரு சிறு கூடைக்குள் இருந்தது. வளைவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் கூடைக்குள் கொஞ்சம் தங்கும். புதிய குழாய் கூடைக்கு வெளியே நிற்கிறது. டேங்கின் அடியில் துளையிட்டு, மிகத் தாழ்வான இடத்திலிருந்து டீசல் எடுக்கும் சம்ப் ஒன்றைப் பொருத்தினால் இது தீரும். பண்ணைப் பாதையில் கல்லும் கட்டையும் மிதித்துப் போகும் வண்டிக்கு அடியில், டேங்கைவிடத் தாழ்வாக ஒன்றைத் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை, உரிமையாளரும் விரும்பவில்லை. கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று.

டீசலின் வழவழப்பு பற்றியும் ஒரு குறிப்பு. 2006 முதல் அமெரிக்க நெடுஞ்சாலை டீசலில் கந்தகம் 500 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 500 பங்கு) 15 பிபிஎம்முக்குக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலின் இயல்பான வழவழப்பையும் சேர்த்துக் குறைப்பதால், விற்பனைக்கு வருமுன் அதற்கான சேர்மானம் கலக்கப்படுகிறது. அந்தத் தரம் போதாது என்று கருதி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பவர்கள் பலர் உண்டு. இந்த வண்டியில் கலக்கவில்லை. நுழைவாயிலில் அழுத்தம் நிற்காத வண்டியில் எந்த ஆயிலைக் கலந்தாலும் அது போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேராது என்பதால், அந்தக் கேள்வியை முதலில் எடுப்பதே வரிசை மாறியது.

முதல் முறை ஃபில்டர்களைக் கழற்றியபோது நுண்ணிய ஃபில்டர் அறுத்துப் பார்க்கப்பட்டது. காகித மடிப்புகளின் ஆழத்தில் கறுப்பு வண்டல் படிந்திருந்தது, உலோகத் துகள் ஏதுமில்லை. வாட்டர் செப்பரேட்டரின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர். மாற்றுவதற்கு மைல் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஐட்லிங்கில் 17 நின்ற முள், டேங்க் நிறைந்திருக்கும்போதே 15-க்கு இறங்கினால் இரண்டையும் மாற்றுவது என்றும், மாற்றிய பிறகும் ஏறாவிட்டால் மறுபடி ஒளிபுகும் ஹோஸை இணைத்து உறிஞ்சும் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவது என்றும் உரிமையாளரின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது.